டூரிங் மோட்டார் சைக்கிளுக்கு விண்ட்ஷீல்டு பை: வாங்கும் முன்பும் மாட்டும்போதும் எழும் கேள்விகள்

நெடுந்தூரப் பயண வண்டியில் விண்ட்ஷீல்டின் உட்புறம், ஓட்டுபவரின் கண்ணுக்கு நேர் கீழே மாட்டிக்கொள்ளும் சிறு பையைப் பற்றியவை இந்தக் கேள்விகள். அமெரிக்காவில் இந்தப் பை ஹார்லி-டேவிட்சன் டூரிங் வண்டிகளில்தான் அதிகம் தென்படும். நான் ஓட்டுவதும் 2012ஆம் ஆண்டு எலக்ட்ரா கிளைடு என்பதால் பதில்கள் பெரும்பாலும் அந்தக் குடும்ப வண்டிகளைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. மற்ற வண்டிகளுக்கும் தனியே இடம் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் பெரிய சேடில்பேக் இருக்கிறதே, இது எதற்கு?

சேடில்பேக்கைத் திறக்க வண்டியை விட்டு இறங்க வேண்டும். கையுறையைக் கழற்றி, பூட்டைத் திறந்து, மழைக்கோட்டையும் மாற்றுத் துணியையும் விலக்கித்தான் கறுப்புக் கண்ணாடியை எடுக்க முடியும். மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்போது சாலையோரத்தில் இப்படி இறங்கி நிற்பது எரிச்சல் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. விண்ட்ஷீல்டு பை என்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டும் இடம். கண்ணாடி, காதடைப்பான், துடைக்கும் துணி, டயர் காற்றழுத்தமானி, ஒரு பேனா, சுங்கக் கட்டணக் கருவி ஆகியவற்றுக்கு மேல் அதில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கை எட்டும் என்பதற்காக ஓடும்போது திறக்கக் கூடாது. சிக்னலிலோ பெட்ரோல் நிலையத்திலோ நின்ற பிறகு திறப்பதற்கான பை இது. வாங்குவதிலும் மாட்டுவதிலும் நான் சொல்லும் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு நினைப்பிலிருந்தே வருகின்றன.

என் வண்டிக்கு எந்தப் பை பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியின் பெயரை வைத்து வாங்காதீர்கள். ஃபேரிங்கின், அதாவது விண்ட்ஷீல்டைத் தாங்கி வண்டியின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கூட்டின், வகையையும் ஆண்டையும் வைத்து வாங்குங்கள். தவறான பையை வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

எலக்ட்ரா கிளைடிலும் ஸ்ட்ரீட் கிளைடிலும் இருப்பது வௌவால் இறக்கை போல் விரிந்த ‘பேட்விங்’ ஃபேரிங். 1969இல் எலக்ட்ரா கிளைடில் அறிமுகமானது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோடு இணைந்திருப்பதால் ஹேண்டில்பாரைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து திரும்பும். தோற்றத்தில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும், விண்ட்ஷீல்டு பொருந்தும் விதத்தில் இதற்குள் தலைமுறைகள் உண்டு. 1996 முதல் 2013 வரையிலான வண்டிகளை ஒரு கூட்டமாக வைத்துக்கொள்ளலாம். 2014இல் ஃபேரிங்கை மறுவடிவமைத்து, விண்ட்ஷீல்டுக்கு அடியில் காற்றுவழி ஒன்றையும் வைத்தார்கள். 2023 வரை வந்தவை இந்தக் கூட்டம். 2024இல் ஸ்ட்ரீட் கிளைடும் ரோடு கிளைடும் முற்றிலும் புதிய ஃபேரிங்கோடும் 12.3 அங்குலத் தொடுதிரையோடும் வந்துவிட்டன. அவற்றுக்குப் பழைய பைகளை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

விற்பனைக் குறிப்பில் ‘எல்லா பேட்விங் வண்டிகளுக்கும் பொருந்தும்’ என்று மட்டும் இருந்தால் நான் அந்தப் பையைத் தொட மாட்டேன். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் விண்ட்ஷீல்டை மாற்றியிருந்தால் இன்னொரு சோதனையும் தேவை. சில விண்ட்ஷீல்டுகளின் அடிப்பகுதி வளைந்து பின்னால் வரும். அதில் பை நிமிர்ந்து நிற்காமல் ஓட்டுபவரை நோக்கிச் சாயும். ஓர் அட்டையைப் பையின் அளவுக்கு வெட்டி, விண்ட்ஷீல்டின் உட்புறம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.

ரோடு கிங் வண்டிக்கு ஃபேரிங்கே இல்லையே?

இல்லாவிட்டாலும் பை மாட்டலாம். சொல்லப்போனால் ரோடு கிங்கில் வேலை இன்னும் எளிது. அதன் விண்ட்ஷீல்டு கழற்றி மாட்டக்கூடியது, உட்புறம் உலோகப் பட்டைகள் குறுக்கே செல்கின்றன. அந்தப் பட்டையில் வார்களைச் சுற்றி இறுக்கினால் பை நின்றுவிடும். திருகைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் ஊருக்குள் ஓட்ட விண்ட்ஷீல்டைக் கழற்றும்போது பையும் கூடவே போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. பை நிறைய பொருளோடு கழற்றினால் கனம் ஒரு பக்கம் இழுத்து, விண்ட்ஷீல்டு முன் மட்கார்டில் இடிக்கும். முதலில் பையைக் காலி செய்யுங்கள்.

ரோடு கிளைடு, கோல்ட் விங், பிஎம்டபிள்யூ?

ரோடு கிளைடின் ஃபேரிங் சட்டத்தோடு இணைந்தது, ஹேண்டில்பாரோடு திரும்பாது. அதனால் பையின் எடை ஸ்டியரிங்கைப் பாதிக்காது. ஆனால் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது கம்பியோ கையுறையோ பையில் முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 2018க்குப் பிந்தைய கோல்ட் விங், பிஎம்டபிள்யூவின் ஆர்டி, கே 1600 போன்ற வண்டிகளில் விண்ட்ஷீல்டு மின்மோட்டாரால் ஏறி இறங்கும். அவற்றில் எதையும் தொங்கவிடாதீர்கள். ஏறி இறங்கும் வழியில் பை சிக்கினால் மோட்டாரும் பல்சக்கரமும் பாதிக்கப்படும். அந்த வண்டிகளில் ஃபேரிங்கிலேயே சிறு அறைகள் இருக்கின்றன, அவை போதும்.

ஒரே பெரிய அறை நல்லதா, மூன்று சிறு அறைகளா?

மூன்று அறைகள். தயங்காமல் சொல்வேன். ஒரே அறையில் எல்லாம் நடுவில் குவிந்து, பை கர்ப்பிணி வயிறு போலப் புடைத்து வேகமானியை மறைக்கும். அதோடு ஹார்லி டூரிங் வண்டிகளின் இன்ஜின் 1980 முதலே ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது அதிர்வு அடங்கிவிடும், ஆனால் சிக்னலில் நிற்கும்போது ஃபேரிங் முழுவதும் குலுங்கும். ஒரே அறையில் காற்றழுத்தமானியும் கண்ணாடியும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் அந்தக் குலுக்கலில் கண்ணாடி முழுக்கக் கீறலாகிவிடும். நல்ல கண்ணாடி ஒன்றை நான் அப்படித்தான் இழந்தேன். நடு அறை கண்ணாடிக்கு மட்டும், அதில் வேறெதுவும் இல்லை என்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

மூடியைப் பொறுத்தவரை ஜிப், காந்தம், வெல்க்ரோ, அழுத்துப் பொத்தான் என நான்கு விதங்கள் உண்டு. கையுறையோடு திறக்கக் காந்தமே சுகம், மூடியை விட்டால் தானே ஒட்டிக்கொள்ளும். காந்தப் பட்டை உள்ள விடுதிச் சாவி அட்டையை மட்டும் அதன் அருகில் வைக்காதீர்கள், அட்டை செயலிழந்துவிடும். ஜிப் பாதுகாப்பானது. ஆனால் உலோக இழுவை விண்ட்ஷீல்டில் தட்டித் தட்டிக் கோடு போடும். அதைக் கழற்றிவிட்டு ஒரு நூல்கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். வெல்க்ரோ ஓராண்டில் தூசியும் நாரும் ஏறிப் பிடியை இழந்துவிடும்.

தோலா, நைலானா?

தோல் அழகு. இருக்கையும் சேடில்பேக்கும் தோலாக இருந்தால் பொருத்தமாகவும் தெரியும். ஆனால் விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் வெயில் தங்கும் இடம் அது. தோல் காய்ந்து சுருங்கும்போது திருகுத் துளைகளைச் சுற்றித்தான் முதலில் கிழியும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தோல் எண்ணெய் தேய்க்கும் பொறுமை இருப்பவர்கள் வாங்கலாம். மற்றவர்களுக்குக் கெட்டியான பாலிஸ்டிக் நைலான் போதும். உள்பக்கம் நீர் புகாப் பூச்சும், வடிவம் மாறாமல் நிற்க முதுகில் ஒரு கெட்டியான தகடும் இருக்கிறதா என்று பாருங்கள். தகடு இல்லாத பை சில மாதங்களில் தொய்ந்துவிடும்.

எவ்வளவு எடை வைக்கலாம்?

பேட்விங் வண்டியில் பையின் எடை முழுவதும் ஃபோர்க்கின் மேல், அதுவும் உயரத்தில் ஏறுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் முன் சக்கரம் ஆட்டம் காண்பதற்கு இப்படிச் சேரும் எடையும் ஒரு காரணமாகலாம். அதனால்தான் வண்டிக் கையேடுகளும் ஹேண்டில்பாரிலும் ஃபோர்க்கிலும் கனமானவற்றைச் சேர்க்க வேண்டாம் என்று எச்சரிக்கின்றன. என் அளவுகோல் எளியது. பையில் உள்ள அனைத்தையும் ஒரு கையில் அள்ள முடிய வேண்டும். தண்ணீர் பாட்டில், ஸ்பேனர், பூட்டு எதுவும் அங்கே கூடாது. இவை எல்லாம் சேடில்பேக்கின் அடியில், இரு பக்கமும் சமமாகப் போகட்டும்.

எப்படிப் பொருத்துவது? மெக்கானிக்கிடம் போக வேண்டுமா?

வேண்டாம். அரை மணி நேரமும் சரியான திருப்புளியும் இருந்தால் வீட்டிலேயே முடிக்கலாம். 1996–2013 பேட்விங்கை வைத்துச் சொல்கிறேன். 2014க்குப் பிந்தையவற்றிலும் வேலையின் போக்கு இதுதான், ஆனால் திருகின் அளவையும் இறுக்க அளவையும் உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமதளத்தில் பக்கத்து ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் தொடங்குங்கள். முன் மட்கார்டின் மேலும் டேங்கின் மேலும் பழைய போர்வையை விரியுங்கள். திருப்புளி ஒரு முறை நழுவினால் பெயிண்ட் போச்சு. விண்ட்ஷீல்டின் அடி விளிம்பில் வெளிப்பக்கம் மூன்று திருகுகள் தெரியும். அவை டி27 அளவு நட்சத்திரத் தலைத் திருகுகள். சாதாரணத் திருப்புளியை வைத்து முயன்றால் தலை மழுங்கிவிடும்.

பையின் அடியில் இருக்கும் பட்டையைப் பாருங்கள். சிலவற்றில் முழுத் துளை இருக்கும், சிலவற்றில் அடிப்பக்கம் திறந்த பிளவு இருக்கும். பிளவாக இருந்தால் திருகுகளைத் தளர்த்தி, விண்ட்ஷீல்டுக்கும் உள் ஃபேரிங்குக்கும் இடையில் பட்டையை மேலிருந்து செருகினால் போதும். துளையாக இருந்தால் திருகுகளை முழுதாகக் கழற்ற வேண்டும். அப்போது கவனம் தேவை. வெளி ஃபேரிங்கின் மேல்விளிம்பையும் இதே திருகுகள்தான் பிடித்திருக்கின்றன. மூன்றையும் கழற்றியதும் அது முன்பக்கம் தளரும், விண்ட்ஷீல்டும் கையோடு வந்துவிடும். கூட ஒருவர் இருந்து பிடித்துக்கொண்டால் நிம்மதி. திருகோடு வரும் வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

விண்ட்ஷீல்டு கழன்ற நேரம் ஒரு நல்ல வாய்ப்பு. அந்த இடுக்கில் செத்த பூச்சிகளும் மண்ணும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பை உரசப்போகும் இடத்தில் பெயிண்ட் காக்கும் ஒளிபுகும் படலத்தை ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். அதன் பிறகு பையை வைத்து, மூன்று திருகுகளையும் விரலால் நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறாத திருகு கோணலாக நிற்கிறது என்று பொருள், வலிந்து திருப்பாமல் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். மூன்றும் ஏறிய பிறகு நடுவில் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறி இறுக்கிக்கொண்டே வாருங்கள்.

முடிந்ததும் இருக்கையில் உட்கார்ந்து ஹேண்டில்பாரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பிப் பாருங்கள். எந்த மானியும் மறையக் கூடாது, எந்தக் கம்பியும் இழுபடக் கூடாது. முதல் 100 மைல் ஓடிய பிறகு திருகுகளை மறுபடியும் தொட்டுப் பாருங்கள். பையின் துணி நசுங்கி உட்கார்ந்திருப்பதால் சிறிது தளர்ந்திருக்கும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? அதிர்வில் கழன்றுவிடாமல் திருகுப் பசை போடலாமா?

இறுக்கம் மிகக் குறைவு. அந்த ஆண்டு வண்டிகளுக்குக் கையேடு சொல்வது 25 முதல் 30 அங்குல பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3 நியூட்டன் மீட்டர். திருப்புளியின் பிடியை மூன்று விரலால் பிடித்துத் திருப்பும் பலம்தான் அது. இன்ஜின் போல்ட்டை இறுக்கிப் பழகிய கை இங்கே அடங்க வேண்டும். விண்ட்ஷீல்டு பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதிகம் இறுக்கினால் உடனே விரிசல் தெரியாது. துளையிலிருந்து மயிரிழைக் கோடுகள் கிளம்பி, குளிர்காலத்தில் ஒரு நாள் பிளந்து நிற்கும்.

திருகுப் பசை கூடவே கூடாது. இரும்பில் நன்மை செய்யும் அந்தத் திரவம் பாலிகார்பனேட்டையும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் தாக்கி, துளையைச் சுற்றி நொறுங்க வைக்கும். இதை அறியாமல் ஒரு பட்டறையில் என் திருகுகளுக்குப் பசை தடவிவிட்டார்கள். மூன்று மாதத்தில் நடுத்துளையில் நட்சத்திரம் போல் விரிசல் விழுந்தது, புது விண்ட்ஷீல்டுதான் தீர்வாக இருந்தது. பிரேக் திரவமும் பெட்ரோலும் அதேபோல் எதிரிகள்தான்.

2014க்குப் பிந்தைய வண்டியில் காற்றுவழியைப் பை அடைக்காதா?

கவனிக்காமல் வாங்கினால் அடைக்கும். அந்தக் காற்றுவழி சும்மா வைத்ததல்ல. விண்ட்ஷீல்டுக்குப் பின்னால் உருவாகும் வெற்றிடத்தைக் குறைத்து, ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டும் காற்றை அடக்குவது அதன் வேலை. உள்பக்கம் காற்று வெளியேறும் இடத்தில் பை சப்பென்று ஒட்டி உட்கார்ந்தால் தலை மறுபடியும் ஆடத் தொடங்கும். அந்த ஆண்டுகளுக்கென்றே செய்த பைகளில் அடியில் இடைவெளி விட்டிருப்பார்கள். மாட்டிய பிறகு தலையாட்டம் கூடியதாக உணர்ந்தால், பையைக் கழற்றிவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

கைபேசியை அதில் வைக்கலாமா?

வேண்டாம். முதல் காரணம் வெப்பம். ஐபோனை 35 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. வெயிலில் நிற்கும் வண்டியின் விண்ட்ஷீல்டுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்குள், அந்த எல்லையைத் தாண்ட வெகுநேரம் ஆகாது. இரண்டாவது காரணம் அதிர்வு. ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று அதே நிறுவனம் 2021இல் எச்சரிக்கை வெளியிட்டது. மூன்றாவது காரணத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். விழுந்து வண்டி ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் கிடந்தால், உதவிக்கு அழைக்கக் கைபேசி உங்கள் உடலோடு இருக்க வேண்டும். ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள்.

வெப்பத்தின் அதே கணக்கில் பவர் பேங்க், சிகரெட் லைட்டர், இன்சுலின் போன்ற மருந்துகளும் அங்கே கூடாது.

சுங்கக் கட்டணக் கருவி பைக்குள் இருந்தால் வேலை செய்யுமா?

இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைகளில் இருசக்கர வாகனங்களுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை என்பதால் அங்கிருந்து வருபவர்களுக்கு இந்தக் கேள்வியே புதிதாக இருக்கும். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிளுக்கும் கட்டணம் உண்டு. பணமாகக் கொடுக்கும் வழியும் குறைந்துகொண்டே வருகிறது. கோல்டன் கேட் பாலத்தில் 2013இல் பணம் வாங்குவதை நிறுத்தினார்கள், பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலை 2020இல் நிறுத்தியது. அதனால் ஈ-இசட்பாஸ் போன்ற கருவியை வைப்பதற்கு இந்தப் பை நல்ல இடம்.

நைலானும் தோலும் ரேடியோ அலையைத் தடுக்காது, உலோகம் தடுக்கும். ஆகவே முதுகுத் தகடு பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று பார்த்து வாங்குங்கள். கருவிக்கு முன்னால் சில்லறைக் காசு, சாவிக் கொத்து எதுவும் இருக்கக் கூடாது. கருவியின் முகம் சாலையை நோக்கி இருக்கட்டும். அதோடு கணக்கில் வண்டியின் பதிவு எண்ணைச் சேர்த்துவிடுங்கள். கருவியைப் படிக்கத் தவறினாலும் நம்பர் பிளேட்டின் படத்தை வைத்துச் சரியான கணக்கில் கழித்துக்கொள்வார்கள்.

திருட்டு?

பூட்டு இல்லாத பை, யார் கையும் நுழையும். பதிவுச் சான்றும் காப்பீட்டுத் தாளும் பூட்டிய சேடில்பேக்கில் இருக்கட்டும். பலர் மறப்பது வீட்டு கேரேஜின் ரிமோட்டை. அதை முகவரி எழுதிய தாளோடு ஒரே பையில் வைப்பது திருடனுக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பதுதான். உணவகத்தில் நிறுத்தும்போது சுங்கக் கருவியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மழை பெய்தால்?

ஓடும்போது விண்ட்ஷீல்டே காக்கும். நிற்கும்போதுதான் மேலிருந்து நேராக நனையும். நனைந்தால் மூன்று அறைகளையும் திறந்து வைத்து நிழலில் உலர்த்துங்கள். அடியில் நீர் வடியச் சிறு துளை உள்ள பை நல்லது.

விண்ட்ஷீல்டில் பை உரசிய தடம் தெரிகிறது. எப்படிப் போக்குவது?

பை தேய்ப்பதில்லை, பைக்கும் விண்ட்ஷீல்டுக்கும் நடுவில் சிக்கும் தூசிதான் உப்புத்தாள் போல் தேய்க்கிறது. மாதம் ஒரு முறை பையை விலக்கி, நிறைய தண்ணீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் புதுக் கீறல் விழும். வீட்டு ஜன்னலுக்குப் பயன்படுத்தும் அமோனியா கலந்த திரவத்தைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், அது பாலிகார்பனேட்டை மங்கலாக்கிவிடும். ஆழமான கீறலைத் தேய்த்துப் போக்க முயல வேண்டாம். மேற்பூச்சு போய்விட்டால் இரவில் எதிர்வண்டி விளக்கு பட்டதும் அந்த இடம் முழுவதும் பனிமூட்டம் போலத் தெரியும். நல்லவேளையாகப் பையின் உயரம் சரியாக இருந்தால் அந்தத் தடம் பார்வைக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும்.

பையின் உயரம் எது வரை இருக்கலாம்?

இருக்கையில் வழக்கம்போல் உட்கார்ந்து, முன் சக்கரத்துக்கு அப்பால் சாலையைப் பாருங்கள். நிறுத்தும் இடத்தில் ஒரு சிறு கல்லை முன்னால் வைத்து, எவ்வளவு தூரத்தில் அது கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது என்று பையோடும் பையில்லாமலும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் பை உயரம் அதிகம். நன்றாக அமைந்த விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பு ஓட்டுபவரின் மூக்கு மட்டத்தில் நிற்கும். அவர் அதற்கு மேலாகவே சாலையைப் பார்ப்பார், ஆனால் அருகிலுள்ள குழிகளையும் சரளையையும் விண்ட்ஷீல்டின் ஊடாகத்தான் பார்க்கிறார். உயரம் குறைந்தவர்கள் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். என் மனைவி அதே வண்டியை ஓட்டிப் பார்த்தபோது, எனக்குப் பொருத்தமாக இருந்த பை அவருக்கு நேர் முன்னாலிருந்த சாலையை மறைத்தது. இரண்டு அங்குலம் உயரம் குறைந்த பையை வாங்கி மாட்டினோம். இப்போது இருவரும் அதையே பயன்படுத்துகிறோம்.